ஏலத்தில் போன ஒன்பது போத்தல்

உடுப்பிட்டி
26.01.2025

வருங்காலப் போதகர் ஜெபசீலன் அண்ணைக்கு,

இவ்விடம் நான் நலம். என்னால் மற்றவர்கள் எவ்வளவு நலம் என்பதை அம்மாவின் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைவலி, மலைக்குளிர், விடுதிச் சோறு மூன்றும் கொஞ்சமாவது குறைந்தனவா?

வேதபாடசாலையில் முதலாம் வருடக்காரருக்குப் போன் கூடாது என்று அதிபர் உங்கள் போனை அலுமாரியில் வைத்துப் பூட்டினாலும் பூட்டினார், வடமராட்சியில் முத்திரை ஒட்டத் தெரிந்த ஒரே பதினாறு வயதுக்காரி ஆகிவிட்டேன். தபால் கந்தோரில் என்னைக் கண்டதும் எழும்பி நிற்கிறார்கள்.

நீங்கள் முதலில் கேட்கப்போவது என்னையல்ல, நாயைத்தான் என்று தெரியும். நீதவான் நலம். உங்கள் கட்டிலில்தான் தினமும் அமர்வு. முன்னங்கால்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு, நானும் அம்மாவும் வாய்த்தர்க்கப்பட்டால் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார். தீர்ப்பு எப்போதும் மீன்தலை வைத்திருப்பவர் பக்கம். இப்படி ஒரு முகத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தால் பாவமாகியிருக்கும்.

கனடாவிலிருந்து மார்கிரட் மாமியின் பெட்டி வந்தது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் (நான்தான்). பெட்டி முழுக்கச் சீனி போடாத சாமான். சீனி போடாத பிஸ்கற், சீனி போடாத ஜாம், சீனி போடாத சுவிங்கம் பன்னிரண்டு போத்தல். அப்பா ஒன்றை வாயில் போட்டு அரை மணித்தியாலம் மென்றுவிட்டு, "இதை எப்பயடி விழுங்கிறது?" என்று கேட்டார். இப்போது வெற்றிலையை விட்டுவிட்டு அதைத்தான் மெல்லுகிறார். ஒன்பது போத்தலை அடுத்த மாதம் சேர்ச் அறுவடை விழா ஏலத்துக்குக் கொடுக்கப்போகிறாராம். பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் கனடாச் சுவிங்கம். கர்த்தர் என்ன நினைப்பாரோ தெரியாது, வாலிபர் சங்கம் சந்தோசப்படும்.

ஏலத்தில் சாமான் தூக்கிக் காட்டும் வேலை எனக்கு. ஜெபித்துக்கொள்ளுங்கள், எனக்காக அல்ல, ஏலத்துக்காக.

குறும்பு குறையாத,
மிரியம்


விடுதி
05.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். தலைவலி குறைந்துவிட்டது, சோறு குறையவில்லை. அப்பா மருந்தை நேரத்துக்கு எடுக்கிறாரா, அம்மாவின் முழங்கால் எப்படி என்று எழுது.

உன் கடிதத்தை அறைக்கு வாசித்துக் காட்டினேன். எட்டுப் பேர் சிரித்தார்கள். பிறகு போன வருடம் நீ செய்த குடை விசயத்தையும் சொன்னேன். சேர்ச்சில் கிறகோரி ஐயா வாசிக்கும் அறிவித்தல் தாளுக்குள் நீ ஒரு வரியைச் செருகியதையும், "கூரை திருத்தம் நடப்பதால் சபையார் அனைவரும் குடையுடன் வரவும்" என்று அவர் வாசித்ததையும், அடுத்த ஞாயிறு நல்ல வெயிலில் நூறு பேர் குடை பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடியதையும் கேட்டு ஒருவன் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்.

ஆனால் ஒன்று, மிரியம். ஊரில் உன்னை நம்பும் ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். உனக்கு அது பகிடியாக இருக்கலாம். அறிவித்தல் வாசிக்கும் ஆளுக்கு அப்படியில்லை.

நீதவானைக் கவனமாகப் பார். மதகு கட்டக் கிண்டிய குழிக்குள்ளிருந்து நான் அவனைத் தூக்கியபோது உள்ளங்கை அளவு. ஏழு வருடம் என் காலடியில் படுத்தவன். புதிது புதிதாக ஒன்றும் அவனுக்குப் பழக்காதே. இங்கே மேற்பார்வையாளரின் நாய் ரெக்ஸ் எனக்குப் பின்னால் திரிகிறது. இருந்தாலும் அவனைப் போல் வராது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, உன்னிடமிருந்து மற்றவர்களையும்.

உன் அண்ணை,
ஜெபசீலன்


உடுப்பிட்டி
22.02.2025, சனி

பேரன்புக்கும் பெரும்பிரசங்கத்துக்கும் உரிய அண்ணைக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மழைக்கு நோகும், வெயிலுக்கும் நோகும், நான் வாயைத் திறந்தாலும் நோகும். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு விசயத்துக்கு வருகிறேன்.

உங்கள் நாய் நடிகராகிவிட்டார்!

இன்று காலை ஒரே ஒரு சுவிங்கத்தைக் கருவாட்டுத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். கருவாட்டை விழுங்கிவிட்டுச் சுவிங்கத்தோடு மாட்டுப்பட்டுப்போனார். அந்த முகத்தோடு, அந்தக் கால்களைப் போட்டபடி, முழுசாக இரண்டு நிமிடம் மெல்லு மெல்லென்று மென்றார். நான் பின்னாலிருந்து தடித்த குரலில், "சாட்சியத்தை நன்றாக மென்று பார்த்ததில் வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று பேசிப் படம் பிடித்தேன். ஒரு மணித்தியாலத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டது. உங்களுக்குக் காட்ட முடியவில்லையே என்பதுதான் கவலை.

நாளைக்கு ஏலத்தில் சுவிங்கம் வரும்போது இதைத்தான் போட்டுக்காட்டப் போகிறேன். "நீதவானே மென்ற சுவிங்கம்" என்று கத்தினால் போத்தல் ஒவ்வொன்றும் பூசணிக்காயை மிஞ்சும். பின்னேரம் பாகம் இரண்டு.

நீங்கள் புதிதாகப் பழக்காதே என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. இது பழக்கம் அல்ல, கலை.

வெற்றிக்கு முந்திய நாள் எழுதும்,
மிரியம்


உடுப்பிட்டி
27.02.2025
(அனுப்பவில்லை)

அண்ணை,

நீதவான் நேற்றுக் காலை செத்துப்போனார்.

இந்த ஒரு வரியை எழுத நான்கு தாள் கிழித்தேன். இனி மற்றதை எழுதலாம்.

ஞாயிறு ஏலத்தில் ஒன்பது போத்தலும் போயின. படத்தைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். வயல்காரர் இராசநாயகம் மாமா மரவள்ளிக்கிழங்கு எடுக்க வந்தவர், அவரும் ஒன்று எடுத்தார். அவருடைய மகள் சாருஜா என்னிடம் ஓடிவந்து, "அக்கா, எங்கடை குட்டியும் உப்பிடி மெல்லுமோ?" என்று கேட்டாள். பத்து வயது. "பழக்கினால் மெல்லும்" என்றேன்.

பின்னேரம் உங்கள் அறையில் பாகம் இரண்டு எடுத்தேன். மூன்று கொடுத்தேன். நடுவில் அம்மா கூப்பிட்டா. மூடி திறந்த போத்தலைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது போத்தல் நிலத்தில் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தார். எழும்பி நடக்க, பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டன. கள்ளுக் குடித்த ஆள் மாதிரி சுவரில் போய் முட்டினார். அண்ணை, நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டு அதையும் படம் பிடித்தேன். அவர் விழுந்து கை கால் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் போனைக் கீழே போட்டேன்.

அப்பா ஓட்டோ பிடித்தார். நெல்லியடியில் மிருக வைத்தியர் தக்சாயினியின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவ போத்தலில் எழுதியிருந்ததை வாசித்து, சைலிட்டோல் என்ற ஒரு சொல்லைக் காட்டினா.

"மனிசருக்கு ஒண்டும் செய்யாது பிள்ளை. நாயின்ரை உடம்பு இதை உண்மையான சீனி எண்டு நினைச்சு இன்சுலினைக் கொட்டும். இரத்தத்திலை இருக்கிற சீனி படாரெண்டு விழுந்திடும். கூடத் திண்டால் ஈரலும் போயிடும்."

குளுக்கோஸ் ஏற்றினதும் தலையைத் தூக்கினார். இரண்டு நாள் நம்பியிருந்தோம். செவ்வாய்க்கிழமை கண் மஞ்சளாகியது.

மாமரத்தடியில் அப்பா கிடங்கு வெட்டினார்.

அம்மா சொல்கிறா, "அவனுக்கு இப்ப எழுதாதை. பரீட்சை முடியட்டும். ஈஸ்டருக்கு வரேக்கை சொல்லலாம்." நாயே போத்தலைத் தட்டித் தின்றது என்றுதான் அம்மாவும் அப்பாவும் நினைக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

மிரியம்


உடுப்பிட்டி
28.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். நீங்களும் பரீட்சையும் எப்படி?

அறுவடை விழா நல்லபடி நடந்தது. சுவிங்கம் எல்லாம் போய்விட்டது. ஒரு பூசணிக்காய் மூன்று தரம் ஏலம் போய்க் கடைசியில் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பியது.

நீதவான் இப்போது உங்கள் கட்டிலில் இல்லை. மாமரத்தடிக்கு இடம் மாறிவிட்டார். மீன்தலை கேட்டுக் கரைச்சல் தருவதில்லை. அமைதியாக இருக்கிறார்.

நன்றாகப் படியுங்கள்.

மிரியம்


விடுதி
04.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் கடிதம்தான் சுகமில்லை. அரைப்பக்கம், ஒரு பகிடி, அதுவும் பூசணிக்காய்ப் பகிடி. காய்ச்சலா? அல்லது இந்த முறை உண்மையிலேயே யாரிடமாவது பிடிபட்டாயா?

நீதவான் மாமரத்தடியில் என்று எழுதியிருக்கிறாய். எறும்புக்குப் பயந்து அவன் அந்தப் பக்கமே போகமாட்டான். உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது.

அப்பா அறுவடை விழாவுக்கு முதல்நாள் பஸ்ஸில் போட்டுவிட்ட பொதி வந்து சேர்ந்தது. வடகம், எள்ளுருண்டை, எல்லாவற்றுக்கும் அடியில் மாமியின் சுவிங்கம் ஒரு போத்தல். எள்ளுருண்டை முதல் நாளே முடிந்துவிட்டது. சுவிங்கத்தை யாரும் தொடவில்லை, வகுப்பில் மென்றால் வெளியே நிற்கவேண்டும்.

நீ எழுதிய படத்தை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். சனிக்கிழமையோடு பரீட்சை முடிகிறது. ஞாயிறு பின்னேரம் ஓய்வு. ரெக்ஸுக்குக் கருவாடு இல்லாவிட்டாலும் வடகத்தோடு ஒன்றிரண்டு சுவிங்கம் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். புதிதாகப் பழக்காதே என்று சொன்னவனே இப்படி எழுதுவதைப் பார்த்து நீ துள்ளுவாய். துள்ளு.

உன் அண்ணை,
ஜெபசீலன்


உடுப்பிட்டி
08.03.2025, சனி

அண்ணை,

உங்கள் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. பதினொன்று ஐந்துக்கு உங்கள் வேதபாடசாலைக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். அவசரத்துக்கு மட்டும் என்று அப்பா கலண்டரில் எழுதி வைத்த நம்பர். முதல் மூன்று தரம் யாரும் எடுக்கவில்லை. நாலாம் தரம் ஒரு ஐயா எடுத்தார்.

"என்னம்மா அவசரம்?"

"ஜெபசீலனின்ரை தங்கச்சி ஐயா. நீதவான் செத்துப்போனார் எண்டு அண்ணையிட்டைச் சொல்லுங்கோ."

"யாரும்மா தவறினது? எந்தக் கோர்ட்டு?"

"கோட்டில்லை ஐயா, எங்கடை வீட்டு நீதவான். சுவிங்கம் திண்டு செத்தவர். ரெக்ஸுக்குச் சுவிங்கம் குடுக்கவேண்டாம் எண்டு எழுதுங்கோ."

"என்னம்மா, விளையாடுறியா?"

"இல்லை ஐயா. எழுதினதை ஒருக்கா வாசியுங்கோ."

இரண்டு தரம் வாசிக்க வைத்தேன். உங்களைக் கூப்பிடக் கேட்டேன், பரீட்சை மண்டபத்தில் என்றார். துண்டு உங்கள் கையில் கிடைத்திருக்கும். அந்தப் போத்தலை நாய்கள் எட்டாத இடத்தில் பூட்டுங்கள். ரெக்ஸ் ஏற்கெனவே ஏதாவது தின்றிருந்தால் கால் பின்னும்வரை பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள், போத்தலையும் கொண்டுபோங்கள்.

இதோடு 27ஆம் திகதி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் வைக்கிறேன். அதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. ஆனால் அதிலும் ஒன்றை விட்டுவிட்டேன்.

டொக்டர் தக்சாயினி கதவைத் திறந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "என்ன திண்டது? எப்ப?" அப்பா என்னைப் பார்த்தார். அன்று காலைதான் சேர்ச்சில் அத்தனை பேர் எனக்குக் கைதட்டியிருந்தார்கள். "தெரியாது" என்றேன். திரும்பக் கேட்டா. "தெரியாது." வயலுக்கு அடிக்கிற மருந்தாக இருக்கும் என்று நினைத்து அதற்கு வைத்தியம் பார்த்தா. மூன்றாம் தரம் என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டா. அப்போதும் தெரியாது என்றேன். நீதவான் இரண்டாம் தரம் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் சட்டைப் பையிலிருந்த வெறும் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அப்பா வெளியே ஓட்டோக்காரனோடு நின்றார். போத்தல் அவ்வளவு நேரமும் என் பைக்குள் இருந்தது அவருக்கும் தெரியாது.

சுவரில் மணிக்கூடு இருந்தது. நாற்பது நிமிடம்.

நேற்று டொக்டரிடம் போய்க் கேட்டேன். "முதலே சொல்லியிருந்தால் தப்பியிருக்கும் எண்டு சத்தியம் பண்ணமாட்டன் பிள்ளை. நேரம் கிடைச்சிருக்கும்" என்றா.

இன்று உங்கள் கடிதத்தை வாசித்தபோது வாய் மூடியிருந்தால் அடுத்த நாயும் செத்துவிடும் என்று விளங்கியது. ஒன்பது போத்தல் ஊருக்குள் இருக்கின்றன. என் படம் எத்தனை போனில் இருக்கிறதோ தெரியாது. ஒன்பதையும் திருப்பி எடுக்கப்போகிறேன். நீங்கள் பதில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

உங்கள் தங்கச்சி என்று எழுதலாமா தெரியவில்லை.

மிரியம்


உடுப்பிட்டி
22.03.2025

அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். ரெக்ஸ் சுகமா? அதற்கு மட்டுமாவது ஒரு வரி போடக்கூடாதா?

அன்று போன் வைத்ததும் நேரே இராசநாயகம் மாமா வீட்டுக்குப் போனேன். சாருஜா நாய்க்குட்டியை மடியில் வைத்திருந்தாள். போத்தல் ரீவிக்கு மேலே. மூடி திறக்கவில்லை, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி முடியப் பழக்கலாம் என்று வைத்திருந்தாளாம்.

"மாமா, உதை நாய் திண்டால் செத்துப்போகும். தாங்கோ."

மாமா சிரித்தார். "குடைப்பெட்டை வந்திருக்கிறா. அண்டைக்கு நாய் மெல்லும் எண்டு வித்தனீ. இண்டைக்குச் சாகும் எண்டு வாங்க வந்தனியோ? ஆருக்கடி விக்கப்போறாய்?"

"எங்கடை நாய் செத்துப்போச்சு மாமா."

"உவள் அழுதும் நடிப்பாள்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

படலையடியில் குந்திவிட்டேன். அவர் தோட்டத்துப் பாத்திகளுக்குத் தண்ணி மாறப் போனார், வந்தார், குளித்தார், சாப்பிட்டார். நான் அதே இடத்தில். சாருஜா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். கடைசியில் மாமா போத்தலோடு வந்தார்.

"இந்தா, கொண்டு துலை. உன்னோடை மாரடிக்க ஏலாது."

நம்பித் தரவில்லை, அலுத்துப்போய்த் தந்தார். பரவாயில்லை. ஒன்று.

மற்ற எட்டும் யார் யார் எடுத்தது என்று முழுதாக யாருக்கும் தெரியாது. ஏலத்தில் ஒருவர் எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது உங்களுக்குத் தெரியும்தானே. அறிவித்தலில் வாசித்தால் ஒரே நாளில் முடியும் என்று துண்டு எழுதிக்கொண்டு கிறகோரி ஐயாவிடம் போனேன். அவர் வாசித்துப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மிரியம், உன்ரை அறிவித்தலை வாசிச்சு நான் ஒருக்கா வெயிலுக்கை குடை பிடிச்சிட்டன். அது காணும், இனி ஏலாது."

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். ஐந்தாம் நாள் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் வாசிக்கமாட்டன். நீ எழும்பி நிண்டு சொல்லுறதெண்டால் சொல்லு. உன்ரை வாயாலை, உன்ரை பேரிலை. அவையள் நம்பினால் நம்பட்டும்."

30ஆம் திகதி ஞாயிறு. போவேன்.

மிரியம்


உடுப்பிட்டி
02.04.2025

அண்ணைக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது சைக்கிளை வேகமாக உழக்குகிறார்.

ஞாயிறு அறிவித்தல் நேரம் ஐயா, "மிரியம் அன்புராஜா ஒரு விசயம் சொல்லுவா" என்றார். நான் எழும்ப முதலே பின்வரிசை வாங்கில் சிரிப்பு. யாரோ, "குடை கொண்டுவரேல்லையே" என்றார்கள். முன்னுக்குப் போய் நின்றேன். நாய் செத்தது, சுவிங்கத்தில் சைலிட்டோல் இருக்கிறது, போத்தலைத் திருப்பித் தாருங்கள் என்றேன். இன்னும் சிரித்தார்கள். குற்றம் சொல்லமுடியாது. நான்தான் அவர்களை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

அதனால் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பாகம் இரண்டைப் போட்டேன்.

அதை இதுவரை யாருக்கும் காட்டவில்லை. படம் சின்னது, பின்வரிசைக்குத் தெரிந்திராது. சத்தம் கேட்டது. அவருடைய நகம் சீமெந்தில் வழுக்குகிற சத்தம். சுவரில் மோதுகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலால் என் சிரிப்பு. பதினேழு வினாடி சிரிக்கிறேன், அண்ணை. மைக்கில் அது சேர்ச் முழுக்கக் கேட்டது. பிறகு போன் விழுகிற சத்தம்.

நான், "டொக்டர் கேக்கேக்கை மூண்டு தரம் தெரியாது எண்டனான்" என்றும் சொன்னேன். அம்மாவின் முகத்தை அந்த நேரம் பார்க்கவில்லை. அப்பா மட்டும் எழும்பி வெளியே போய், கேற்றடியில் நின்றார்.

அன்று பின்னேரமே எங்கள் விறாந்தைக்கு ஏழு போத்தல் வந்தன. இரண்டு பாதி முடிந்தவை. கொண்டுவந்தவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் வீட்டிலிருந்த வேறொரு சுவிங்கம் பைக்கற்றையும் கொண்டுவந்து, "இதிலையும் கிடக்கோ, பார்" என்றார். வாசித்துப் பார்த்தேன், இல்லை. சீனி இல்லாத எல்லாவற்றிலும் அது இருக்காது, எழுதியிருப்பதை வாசிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டு, நான் சொன்னதை நம்பிப் போனது கனநாளைக்குப் பிறகு.

அம்மா இரண்டு நாள் என் சோற்றை மூடி வைத்துவிட்டு நேரத்தோடு படுத்துவிட்டா. அப்பா திங்கட்கிழமை தன் போத்தலைத் தானே அலுமாரியில் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். "இந்த வீட்டிலை இப்ப நாயில்லை. எண்டாலும் பக்கத்து வீட்டிலை இருக்குத்தானே" என்றார்.

எட்டு. ஒன்பதாவதைச் சின்னத்தங்கம் மாமி எடுத்து, வல்வெட்டித்துறையில் மீன்பிடிக்கும் தன் தம்பி பேதுருவுக்குக் கொடுத்துவிட்டாவாம். போன் எடுத்தேன். "ஆர், குடைக்காரியோ?" என்று சிரித்துவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். நேற்றுச் சைக்கிளில் போனேன். என்னைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டார். அவர் சேர்ச்சுக்கு வருவதில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. வீட்டுக்கு முன்னால் ஏற்றி வைத்த வள்ளத்துக்கு அடியில் ஐந்து நாய் படுத்திருந்தன. வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது அவர் கையிலிருந்து எது விழுந்தாலும் ஓடிவந்து தின்பவை. சுவிங்கப் போத்தல் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. களவெடுத்தால் அதையும் என் பகிடி என்றுதான் சொல்லுவார், நாளைக்கு இன்னொரு போத்தல் வந்தால் நாய்க்கு எறிவார். அவர் நம்பித் தரவேண்டும்.

நாளையும் போவேன்.

மிரியம்


விடுதி
09.04.2025

மிரியத்துக்கு,

நான் சுகம். ரெக்ஸ் சுகம். ஒன்றும் தின்னவில்லை. கந்தோர்த் துண்டு கையில் கிடைத்தபோது, மறுநாள் ரெக்ஸுக்கென்று எடுத்த போத்தல் என் சட்டைப் பைக்குள் இருந்தது. இப்போது அதிபரின் அலுமாரியில் என் போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அன்று மாலை ஆராதனையில், மறைந்த நீதவானின் குடும்பத்துக்கு ஆறுதல் கிடைக்க ஜெபித்தார்கள். கந்தோர் ஐயா அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் நான்தான் என்று எழும்பிச் சொல்ல முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுதாமல் இருக்கவில்லை, எழுதி எழுதிக் கிழித்தேன். மன்னிப்பைப் பற்றி இங்கே வாரத்துக்கு இரண்டு பாடம். பரீட்சையில் எழுபத்தொன்று எடுத்தேன். உனக்கு ஒரு கடிதம் எழுத அந்தப் புள்ளி போதவில்லை. நாற்பது நிமிடம் என்று நீ எழுதிய இடத்தைத் தாண்டி இன்னும் என்னால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. அதை நீ எழுதாமலே விட்டிருக்கலாம். எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. அதையும் யோசித்தேன்.

வியாழக்கிழமை, 17ஆம் திகதி பின்னேரம் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வரவேண்டாம். வந்ததும் உன்னோடு கதைப்பேனோ தெரியாது, மாமரத்தடிக்குத்தான் முதலில் போவேன். நீ அப்போது அங்கே நிற்காதே.

பேதுரு மாமா நான் சின்னனாக இருந்தபோது என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனவர். என்னைக் கண்டால் கதவைத் திறப்பார். பெரிய வெள்ளி ஆராதனை முடியப் போவோம். நான் சைக்கிள் உழக்குகிறேன், நீ பின்னால் இரு. அங்கே நான் வாய் திறக்கமாட்டேன். கதைக்க வேண்டியது நீ. அந்தச் சிரிப்பை அவருக்குப் போட்டுக்காட்டு. நானும் அதைக் கேட்கத்தான் வேண்டும், பக்கத்தில் நிற்கிறேன்.

பின்சில்லுக்குக் காற்று அடித்து வை.

ஜெபசீலன்